பந்தல் சாமான் ரேக்: இரண்டாம் தடவைதான் சரியாக வந்தது

விடிகாலை நாலு மணிக்கு மினி லாரி வந்து நிற்கும். பன்னிரண்டடிச் சவுக்கு நாற்பது, இருபதடி இரும்பு பைப் முப்பது, பத்தடி டிரஸ் (கம்பிகளைக் கோத்து வெல்ட் செய்த இரும்புச் சட்டம்) ஆறு, பச்சைக் கார்ப்பெட் நாலு ரோல் என்று சீட்டில் எழுதியிருக்கும். குடோனுக்குள் போய்ப் பார்த்தால் பன்னிரண்டடிக் கம்பெல்லாம் இருபதடிக் கம்புக்கு அடியில் கிடக்கும். மேலே கிடப்பதை இறக்க மூன்று பேர், டார்ச் பிடிக்க ஒருவர். வேண்டியதை எடுத்த பிறகு, இறக்கியதைத் திரும்ப அடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. அடுத்த முகூர்த்தத்துக்குள் குவியல் இன்னும் கலைந்து போயிருக்கும்.

அப்பா மன்னார்குடிப் பக்கம் பந்தல் கான்ட்ராக்ட் எடுப்பவர். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு அவரோடு சேர்ந்தேன். குடோன் என்பது மூடிப்போன ஒரு பழைய ரைஸ் மில், வாடகைக்கு. முப்பதடி அகலக் கொட்டகை, கீழே நெல் காயவைத்த காலத்துச் சிமெண்ட் தளம். சுவரில் துளை போடக்கூடாது, தளத்தில் போல்ட் இறக்கக்கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை. அதனால் எது செய்தாலும் தன் காலில் தானே நிற்க வேண்டும்.

குவியல் வெறும் நேர விரயம் மட்டுமில்லை. ஒரு ஐப்பசி மழையில் கம்புக் குவியலின் அடியிலிருந்து கட்டுவிரியன் ஒன்று வெளியே வந்தது. கம்பை உருவிக்கொண்டிருந்த பையனின் கைக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி. கடிக்கவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அப்பா, "தரையில எதுவும் கிடக்கக்கூடாது, என்ன செலவானாலும் பரவாயில்ல" என்றார்.

முதல் ரேக்கை 2019-ல் டவுனில் ஒரு பட்டறையில் அடிக்கச் சொன்னோம். சாதாரண ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் எங்களுக்கு ஆகாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதில் முன்பக்கமும் கால் இருக்கும். இருபதடிக் கம்பை இரண்டு காலுக்கு நடுவே நுழைக்க முடியாது. தலைமாட்டிலிருந்துதான் செருக வேண்டும், அதற்கு எதிரே இன்னும் இருபதடி காலி இடம் வேண்டும். ஆகவே பின்னால் மட்டும் தூண், முன்னால் நீட்டிய கைகள் என்று சொன்னோம். மரக்கிளைபோல. பட்டறைக்காரர் இரண்டு தூண் நிறுத்தினார், நடுவே பத்தடி இடைவெளி. ஒரு பக்கம் மட்டும் இரண்டரை அடிக் கைகள். தூணின் பாதம் முன்பக்கம் ஒன்றரை அடி. கைகளைப் போல்ட் போட்டு மேலே கீழே மாற்றலாம் என்றார்.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அது சாய்ந்தது.

சாய்ந்த விதத்தைச் சொல்கிறேன், இதே தவற்றைப் பலர் செய்கிறார்கள். மேல் இரண்டு தட்டிலும் இரும்பு பைப், கீழ்த் தட்டுகளில் சவுக்கு. ஆட்கள் சவுக்கை முதலில் எடுத்துவிட்டார்கள். பிறகு மேல் தட்டு பைப்பை எடுக்க வசதியாகக் கைகளின் நுனிக்கு இழுத்து வைத்தார்கள். பாரம் முழுவதும் தூணிலிருந்து இரண்டடி தள்ளி, பாதமோ ஒன்றரை அடியில் முடிகிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பின்பக்கக் கால் மெதுவாகத் தரையைவிட்டு எழும்பியதை மேஸ்திரிதான் பார்த்தார். "விடுங்கடா, ஓடுங்கடா" என்று அவர் கத்தியதால் எல்லோரும் விலகினார்கள். பைப் உருண்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம். ஒருவருக்குக் கால் பெருவிரல் நசுங்கியது, ஒன்றரை மாதம் வேலைக்கு வர முடியவில்லை. அந்த நாட்களின் கூலியை அப்பா வாராவாரம் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. எவ்வளவு பாரம் ஏறும், எந்த வரிசையில் எடுப்பார்கள் என்று நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. ரேக்கைக் கழற்றி ஓரமாக வைத்தோம். கம்புகள் திரும்பத் தரைக்கு வந்தன.

பிறகு 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. மதுரையில் அழகர் வைகையில் இறங்காத வருஷம். சித்திரை, வைகாசிக்குப் பிடித்திருந்த கல்யாணம், கோயில் பந்தல் எல்லாம் நின்றுபோயின. அப்பா தொழில் தொடங்கியதிலிருந்து மொத்தச் சாமானும் ஒரே நேரத்தில் குடோனுக்குள் இருந்ததே கிடையாது. எப்போதும் பாதி வெளியே நிற்கும், அந்தப் பாதிக்கு இடம் தேவைப்பட்டதில்லை. அந்த ஏப்ரலில்தான் எங்களிடம் இருப்பது எவ்வளவு என்று கண்ணால் பார்த்தோம். நடக்க வழியில்லை. கரையான் அரிக்கத் தொடங்கியது.

வேலை இல்லாத நாட்கள். நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாக அளந்தேன். இந்த வேலையை முதல் ரேக்குக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

எடையில்தான் முதல் அதிர்ச்சி. ஒன்றரை அங்குல பைப் வெளிவிட்டம் 48.3 மி.மீ., கனம் 3.2 மி.மீ. மீட்டருக்கு எத்தனை கிலோ என்று தெரிய, வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, அதைக் கனத்தால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்க வேண்டும். மீட்டருக்கு 3.56 கிலோ வருகிறது. இருபதடி பைப் ஒன்று 21 கிலோவுக்கு மேல். நாங்கள் ஒரு தட்டில் முப்பது, நாற்பது அடுக்குவோம், எண்ணூறு கிலோ. சவுக்கும் லேசில்லை. நன்றாகக் காய்ந்த, மூன்றங்குலப் பருமனுள்ள இருபதடிக் கம்பே இருபது கிலோவைத் தாண்டியது. நனைந்து வரும் கார்ப்பெட் ரோலை இரண்டு பேர் தூக்க முடியாது. ஒரு தட்டுக்கு எண்ணூறு கிலோ, அது மூன்று கைகளில் பிரிந்தால் ஒரு கைக்கு ஏறக்குறைய 270 கிலோ என்று கணக்கு வைத்தேன்.

அடுத்தது தூணுக்குத் தூண் இடைவெளி. முதல் ரேக்கின் இரண்டாவது கோளாறு இங்கேதான் இருந்தது. பத்தடி இடைவெளியில் இருபதடிக் கம்பு அழகாக உட்கார்ந்தது, ஆனால் பத்தடி டிரஸ்ஸை வைக்கவே முடியவில்லை. இரண்டு கைக்கும் எட்டாமல் நடுவில் விழும். நீளமான சாமானைப் பார்த்துத்தான் இடைவெளி வைக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறோம். எனக்குப் புரிந்தது இதுதான்: இடைவெளியை முடிவு செய்வது இருப்பதிலேயே குட்டையான சாமான். எத்தனை தூண் என்பதை முடிவு செய்வது நீளமானதும் வளையக்கூடியதும். எங்களிடம் குட்டை பத்தடி, நெட்டை இருபதடி. ஏழடி இடைவெளியில் மூன்று தூண் வைத்தால், பத்தடிச் சாமான் இரண்டு கையில் உட்கார்ந்து இருபுறமும் ஒன்றரை அடி நீட்டிக்கொண்டிருக்கும். பன்னிரண்டடிக்கு இரண்டரை. இருபதடி மூன்று கையிலும் உட்கார்ந்து இருபுறமும் மூன்றடி நீளும். நுனி தொங்காது, நடுவும் தொய்யாது.

பிவிசி பைப் கடை வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இரும்பும் சவுக்கும் விறைப்பானவை. பிவிசி வெயில் காலத்தில் தன் எடைக்கே மெல்ல வளைந்து, பிறகு நிமிராது. அதற்கு மூன்றடி, நாலடிக்கு ஒரு தாங்கல் வேண்டும், அல்லது கைகளின்மேல் பலகை போட்டுவிட வேண்டும். எங்கள் கார்ப்பெட் ரோலுக்கும் பலகைதான்.

சாயாமல் நிற்க என்ன வழி என்று யோசித்தபோது காவடிதான் நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் மட்டும் கட்டிய காவடியை யாரும் தூக்குவதில்லை. தூணை நடுவில் வைத்து இருபுறமும் கை நீட்டினால் பாரம் ஒன்றுக்கொன்று ஈடுகட்டும். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது, ஒரு பக்கம் காலியாகும் நாளும் வரும். ஆகவே பாதத்தை இருபுறமும் கையின் நுனியைத் தாண்டி நீட்டினேன். கை இரண்டரை அடி, பாதம் தூணின் மையத்திலிருந்து மூன்றடி. இப்போது யாராவது மொத்தப் பாரத்தையும் நுனிக்கு இழுத்து வைத்தாலும், பாரம் பாதத்துக்குள்தான் விழும். "பாதம் நீட்டிக்கிட்டு இருந்தா கால் தடுக்குமே பாப்பா" என்றார் மேஸ்திரி. தடுக்கும்தான். பாத நுனிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம். தடுக்கி விழுவதையும் ரேக் சாய்வதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு மனமில்லை.

தூணுக்கு 125 மி.மீ. சேனல் (ப வடிவ இரும்புச் சட்டம்) இரண்டு, முதுகோடு முதுகாக, நடுவே இரண்டங்குலச் சந்து விட்டு, எட்டடி உயரம். அந்தச் சந்துக்குள் கையின் அடிப்பட்டை நுழையும். கைகள் 75 மி.மீ. சேனல். ஒரு பக்கத்துக்கு நாலு தட்டு. மூன்று தூணுக்கும் சேர்த்து 24 கை. மொத்த இரும்பு ஐநூறு கிலோவுக்குச் சற்றுக் கூட வந்தது. பாதத்துக்கு அடியில் எட்டங்குலச் சதுரத் தகடு வைத்தோம், இல்லாவிட்டால் அந்தப் பழைய தளம் உடைந்திருக்கும்.

இனி கையை மேலே கீழே மாற்றும் விஷயம். இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன்.

எங்கள் தொழிலில் சாமானின் உயரம் மாதத்துக்கு மாதம் மாறும். தையில் கல்யாணப் பந்தல். பைப்பும் டிரஸ்ஸும் வெளியே போய்விடும், சவுக்கு நிற்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது, அம்மன் கோயில் பந்தல். சவுக்கும் மூங்கிலும் போகும், டிரஸ்ஸும் கார்ப்பெட்டும் உள்ளே. டிரஸ்ஸுக்குத் தட்டுக்குத் தட்டு இரண்டடி வேண்டும், மூங்கிலுக்கு ஒன்றேகாலடி போதும். முதல் ரேக்கிலும் கைகளை மாற்றலாம்தான். ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட யாரும் மாற்றவில்லை. ஏன் என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ரெண்டு ஸ்பேனர் வேணும். ஒண்ணு எப்பவும் வேன்ல போயிரும். ஒருத்தன் கையத் தூக்கிப் பிடிக்கணும், ஒருத்தன் நட்டு முடுக்கணும். எவன் செய்வான் பாப்பா?"

ஆக, ஒரே ஆள், கருவி எதுவும் இல்லாமல், கையுறையோடு மாற்ற முடிய வேண்டும். விடை எங்கள் வாசலிலேயே நின்றது. டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் இரும்பு ‘பின்’. டெல்டாவில் பத்து வயசுப் பையனுக்கும் அதை எப்படிப் போடுவது, எடுப்பது என்று தெரியும். 20 மி.மீ. கம்பி, தலையை எல் வடிவில் வளைத்தது, கூடவே ஒரு சிறு சங்கிலி. சங்கிலி மிக முக்கியம். சங்கிலி இல்லாத பின் ஒரு வாரத்தில் காணாமல் போகும், அந்த இடத்தில் யாராவது ஆணியைச் செருகுவார்கள்.

ஒரு கைக்கு மேலும் கீழுமாக இரண்டு பின், மூன்றங்குல இடைவெளியில். தூண் முழுக்க மூன்றங்குலத்துக்கு ஒரு துளை. வெல்டர் தம்பி முதல் சேனலில் டேப்பை வைத்து ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு அளந்து அளந்து குறித்தார். இரண்டாவது சேனலையும் அப்படியே. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கீழே சரியாக இருந்தது, மேலே போகப் போக விலகி, உச்சியில் ஐந்து மி.மீ. வித்தியாசம். ஒவ்வொரு அளவிலும் சேர்ந்த சின்னப் பிழைகள் எல்லாம் மேலே ஒன்றுகூடிவிட்டன. அந்த இரண்டு சேனலையும் பாத வேலைக்கு ஒதுக்கிவிட்டு, ஒரு பட்டையில் டெம்ப்ளேட் செய்தோம். எல்லா அளவும் ஒரே முனையிலிருந்து. அதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் துளைத்தோம். ஆறு சேனலும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் வெளிச்சம் நேராகத் தெரிந்தது.

துளையின் அளவிலும் ஒரு பாடம் இருக்கிறது. பின் சுலபமாக நுழையட்டும் என்று முதல் கைக்குத் துளையை 21.5 மி.மீ. போட்டோம். கையை மாட்டியதும் நுனி தொங்கியது. இரண்டு பின்னுக்கும் நடுவே 75 மி.மீ., கையின் நீளம் 750 மி.மீ. பின்னில் ஒரு மி.மீ. ஆட்டம் இருந்தால் நுனியில் ஒரு செ.மீ. ஆகிறது. உருண்டையான கம்பை அந்தச் சரிவில் வைத்தால் நேராகக் காலில் வந்து விழும். துளையை 20.5 மி.மீ. ஆகக் குறைத்தோம், கூடவே கையை நுனி இரண்டங்குலம் மேலே பார்க்கும்படி வெல்ட் செய்தோம். பாரம் ஏறி, ஆட்டமெல்லாம் அடங்கிய பிறகும் நுனி ஓர் அங்குலமாவது உயர்ந்து நிற்கிறது. நுனியில் ஆறங்குல உயரத்துக்கு ஒரு தடுப்புக் கம்பி, செருகி எடுக்கும்படி.

இன்னொரு தவறு கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது. இருபுறக் கைகளுக்கும் ஒரே பின் என்று முதல் தூணில் செய்திருந்தேன். இரும்பு மிச்சம், துளை மிச்சம் என்று நினைத்தேன். வடக்குப் பக்கக் கையை மாற்றப் பின்னை உருவினால் தெற்குப் பக்கக் கையும் சேர்ந்து இறங்கும்! காலி ரேக்கில் பார்த்ததால் தப்பித்தோம். அந்தத் தூணைக் கழற்றி, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வரிசைத் துளை போட்டோம். 125 மி.மீ. அகலச் சேனல் வாங்கியது அப்போதுதான் கைகொடுத்தது; இதைவிடச் சின்னதில் இரண்டு வரிசைக்கு இடம் இருந்திருக்காது.

மூன்று தூணையும் நீளவாக்கில் குறுக்குப் பட்டைகளால் இணைத்தோம், பெருக்கல் குறிபோல. இதை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். கம்பை எடுப்பவர்கள் பாதி நேரம் பக்கவாட்டில் தூக்குவதில்லை, நுனியைப் பிடித்து நீளவாக்கில் இழுப்பார்கள். ஒவ்வொரு இழுப்பும் தூண்களை ஒரே திசையில் சாய்க்கப் பார்க்கும். குறுக்குப் பட்டை போடுவதற்கு முன் உச்சியைக் கையால் தள்ளினாலே ஆடியது. போட்ட பிறகு மூன்று பேர் தள்ளியும் அசையவில்லை.

சாமான் ஏற்றுவதற்கு முன் சோதித்தோம். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஒரு கையில் ஆறு மூட்டை, முந்நூறு கிலோ, ஒரு ராத்திரி முழுக்க. நுனியிலிருந்து தூக்குக்குண்டு கட்டித் தரையில் குறி போட்டு, உயரத்தை ஸ்கேலில் அளந்தேன். மூட்டை ஏறியதும் மூன்று மி.மீ. இறங்கியது, மறுநாளும் அதே மூன்று. இறக்கியதும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அப்படித் திரும்பி வராவிட்டால் இரும்பு நிரந்தரமாக வளைந்துவிட்டது என்று அர்த்தம், அந்தக் கையைப் பயன்படுத்தக்கூடாது. பிறகு மூட்டைகளை ஒரு பக்கம் மட்டும் எல்லாத் தட்டிலும் நுனியில் வைத்து, பின்பாதத்துக்கு அடியில் செய்தித்தாளைச் செருகப் பார்த்தோம். நுழையவில்லை. அப்பா அன்றைக்குத்தான் முதல் தடவையாக ரேக்கைத் தொட்டுப் பார்த்தார்.

பயன்படுத்த ஆரம்பித்த பிறகு சில மாற்றங்கள். பைப்பின் பெயின்ட் உரியாமல் இருக்கப் பழைய டயர் டியூபை எல்லாக் கைகளிலும் சுற்றினேன். பைப்புக்கும் டிரஸ்ஸுக்கும் நல்லது. சவுக்குக்கு ஆகவில்லை, ரப்பர் பிடித்துக்கொண்டு கம்பை இழுக்கவே விடவில்லை. சவுக்கு வைக்கும் கைகளில் மட்டும் அவிழ்த்துவிட்டோம். ஒவ்வொரு ஐந்தாவது துளைக்கும் சிவப்பு வட்டம் போட்டோம், எண்ணத் தெரியாவிட்டாலும் மூன்று தூணிலும் ஒரே உயரத்தில் மாட்டலாம். அதற்கு முன் ஒரு நாள் நடுத்தூணின் கை ஒரு துளை கீழே இருந்தது. வெளிப்பார்வைக்குத் தெரியவில்லை, ஆனால் மொத்தப் பாரமும் ஓரத்து இரண்டு கைகளில் நின்றது. உச்சித் தட்டு ஆறடிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்திருக்கிறோம், எங்களிடம் இருப்பதிலேயே குள்ளமானவர் எட்டிப் பிடிக்கும் உயரம் அதுதான். கனமான பைப் கீழே, மூங்கில் மேலே. தரைக்கும் முதல் தட்டுக்கும் நடுவே ஒன்றரை அடி வெறுமை. விளக்குமாறு முழுசாக நுழையும், கரையான் புற்று ஏறினால் அன்றைக்கே கண்ணில் படும், பாம்புக்கு ஒளிய இடமில்லை.

பாரம் இருக்கும்போது பின்னைத் தொடக்கூடாது என்பது ஒன்றுதான் குடோனில் எழுதி ஒட்டியிருக்கும் விதி. மேலே ஏற்றுவது எந்த வரிசை என்றாலும் இறக்குவது உச்சியிலிருந்துதான், அதை மேஸ்திரி வாயாலேயே சொல்லிப் பழக்கிவிட்டார்.

போன ஆடி முதல் வாரம் நான் குடோனுக்குப் போனபோது அவர் தனியாக நின்று கைகளை மாற்றிக்கொண்டிருந்தார். கையைத் தோளில் முட்டுக்கொடுத்து, கீழ்ப்பின்னை உருவி, மேல்பின்னை உருவி, இரண்டு துளை ஏற்றி, மறுபடி செருகினார். ஒரு கைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஸ்பேனரைத் தேடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்ததும், "அந்த வளைவு ஆர்ச்செல்லாம் இன்னும் தரையிலதான் கிடக்கு பாப்பா, அதுக்கும் ஒண்ணு யோசி" என்றார்.

வரவேற்பு ஆர்ச்சுகள் எட்டடி அகலம், நேராக எங்குமே உட்காராது. கையின்மேல் படுக்க வைத்தால் இரண்டு தட்டு இடத்தை அடைக்கிறது. கையிலிருந்து கொக்கி போட்டுத் தொங்கவிட முடியுமா என்று பழைய ரேக்கின் கைகளை வைத்து இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்.